ஆண்டுக்கு நூறு மணி நேரம்: செஞ்சி வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்



2025 ஜூலை 11ஆம் தேதி, பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது உங்கள் செஞ்சிக் கோட்டை. கோட்டையின் ராஜகிரி மலை ஏற வருகிறவர்கள் இதுவரை காலையில் வந்து, மதியம் திண்டிவனம் வழியாகவோ திருவண்ணாமலை வழியாகவோ கிளம்பிவிடுவார்கள். இனி சிலராவது இரவு தங்குவார்கள் என்ற நம்பிக்கையில் அறை கட்டவும் ஓட்டலை விரிவாக்கவும் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் கடைசி வரியாகவாவது ஜெனரேட்டர் வந்துவிடுகிறது. வந்ததும் இரண்டு வாய்கள் பேசுகின்றன. ஒன்று, ‘புதுசுதான் வாங்கணும், பழசு தலைவலி’ என்கிறது. இன்னொன்று, ‘பாதி விலைக்குக் கிடைக்குது, அமுக்கிடு’ என்கிறது. இரண்டுமே அரைகுறை ஆலோசனை. இந்த மடல் அந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து பேசுகிறது.

முதலில் ஒரு கணக்கு. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் கரண்ட் நிறுத்தப்படுவது தமிழ்நாட்டுக்காரருக்குப் பழகிப்போன விஷயம். காலை 9 மணிக்கு நிற்கும். பிற்பகல் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோ வரும். முதல் நாள் செய்தித்தாளில் ‘நாளைய மின்தடை’ என்று ஊர்ப்பெயர் வரிசையும் வந்துவிடும். பன்னிரண்டு மாதமும் எட்டு மணி நேரம் நிறுத்தினால்கூட 96 மணி. சித்திரை, வைகாசிக் கோடைமழையில் காற்றடித்துக் கம்பி அறுவது, டிரான்ஸ்பார்மரில் பீஸ் போவது எல்லாம் சேர்த்தாலும் செஞ்சி போன்ற ஊரில் ஒரு கடையின் ஜெனரேட்டர் சாதாரண ஆண்டில் 100, மிஞ்சினால் 150 மணி நேரம் ஓடும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரம் முழுக்க அந்த இயந்திரம் சும்மா நிற்கப்போகிறது.

அடுத்தது டீசல். ஓரளவு நல்ல நிலையில் உள்ள செட், சரியான லோடில் ஓடும்போது லிட்டருக்கு மூன்று முதல் மூன்றரை யூனிட் தரும். லிட்டர் டீசல் 92 ரூபாயைச் சுற்றி விற்கிறது. அப்படியானால் ஜெனரேட்டர் கரண்ட் யூனிட் 26 ரூபாய்க்குக் குறையாது. கடைக்கு ஈ.பி. வாங்கும் யூனிட் விலை பத்து ரூபாயைச் சுற்றித்தான். ஜெனரேட்டர் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டக் கணக்கு. வாடிக்கையாளரை இழக்காமல் இருப்பதற்காக மனமறிந்து ஏற்கிற நஷ்டம்.

15 கிலோவாட் லோடு உள்ள ஒரு ஓட்டலை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 மணி நேரம் என்றால் 1,500 யூனிட்; சுமார் 450 லிட்டர்; ஏறத்தாழ 42,000 ரூபாய் டீசல். புது செட் பத்து சதவீதம் குறைவாகக் குடிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் 4,200 ரூபாய். ஆனால் புது செட்டுக்காகக் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் பேங்க் வட்டி ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஓடும். பழைய செட்டுக்கும் புது செட்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு லட்சத்தோடு நிற்பதும் இல்லை. சும்மா நிற்கப்போகிற இயந்திரத்தில் பெரிய முதலைப் போட்டு முடக்குவது வியாபாரிக்கு அழகல்ல. பழைய ஜெனரேட்டரின் பயன் என்று கேட்டால் முதல் பதில் இதுதான்.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. தினம் எட்டு மணி நேரம் ஓட்டவேண்டிய கட்டாயம் உள்ள ஆலைக்கு அந்தப் பத்து சதவீத டீசல் மிச்சம் லட்சத்தைத் தாண்டும். அங்கே பழைய செட் வாங்குவது பொய்யான சிக்கனம். இன்னும் சொல்லப்போனால், தினம் ஓட்டவேண்டிய இடத்துக்கு டீசல் ஜெனரேட்டரே பதிலல்ல. கூடுதல் மின் இணைப்பும் கூரையில் சோலார் பலகையும்தான் பதில்.

பழைய செட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்கலாம் என்பதும் பாதி தெரிந்துவிடும். 2008 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு மின்கட்டுப்பாடு வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலத்தை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. ஜெராக்ஸ் கடையிலிருந்து நூற்பாலை வரை அவரவர் சக்திக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள். டீசலும் அப்போது லிட்டர் 50 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. 2014 ஜூன் 1 முதல் கட்டுப்பாடு முழுக்க நீங்கியது. வாங்கிப் போட்ட இயந்திரங்கள் ஷெட்டின் மூலைக்குப் போயின. அவற்றில் பல, இரண்டு மூன்று ஆண்டு மட்டும் வேலை செய்து, பிறகு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றவை.

இரண்டாவது ஊற்று, செல்போன் கோபுரங்கள். கிராமத்துக் கோபுரங்களில் பாதிக்காவது கலப்பு மின்சாரம் (ஈ.பி.யோடு சோலார் போன்றவையும் சேர்ந்தது) வரவேண்டும் என்று 2012 ஜனவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. லித்தியம் பேட்டரியும் வந்து, கிராமங்களில் ஈ.பி. சப்ளையும் தேறிய பிறகு கோபுரத்தடி ஜெனரேட்டருக்கு வேலை குறைந்தது. 15, 20 கேவிஏ அளவுகளில் சந்தைக்கு வரும் செட்டுகளில் கணிசமானவை இவைதான். ஒரு எச்சரிக்கை: கோபுர செட்டுகள் இரவு பகலாக, பெரும்பாலும் மிகக் குறைந்த லோடில் ஓடியவை. ஷெட் மூலையில் நின்ற செட்டுக்கும் இதற்கும் பார்வைக்கு ஒரே வயதுதான். உள்ளே வயது வேறு.

மூன்றாவது, ஏலம். அரசு நிறுவனங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் கழிக்கும் இயந்திரங்கள் மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. இணைய ஏலத்தில் வருகின்றன. விலை மலிவாக இருக்கும், ஓட்டிக் காட்டமாட்டார்கள். ‘இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்’ என்ற நிபந்தனையோடு எடுக்கவேண்டும். மெக்கானிக் கூடவே இருப்பவருக்கு மட்டும் அந்த வழி.

இந்த ஊற்றுகளுக்கெல்லாம் 2023இல் ஒரு புது வேகம் வந்தது. ஜெனரேட்டர் புகைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த நான்காம் கட்டக் கட்டுப்பாடு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு தயாரித்த செட்டுகளை விற்றுத் தீர்க்க 2024 ஜூன் 30 வரை அவகாசம் தரப்பட்டது. புதிய எஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாடு, பெரிய அளவுகளில் புகையைச் சுத்தப்படுத்தும் கூடுதல் அமைப்பு என்று வந்து விலை ஏறியது. அதனால்தான் இன்று பழசுக்கு இவ்வளவு கிராக்கி. டெல்லி சுற்றுவட்டாரத்தில் 2023 அக்டோபர் முதல் பழைய டீசல் செட்டுகளுக்குக் கடும் கட்டுப்பாடு. அங்கிருந்து லாரி ஏறித் தெற்கே வருவது என்று தெரிந்தால் விலையில் அதைச் சொல்லிக் குறையுங்கள்.

எஞ்சின் தகட்டையும் ஒட்டியிருக்கும் முத்திரையையும் படியுங்கள். 2014 ஜூலைக்குப் பின் தயாரானது இரண்டாம் கட்ட விதிப்படி இருக்கும். அதற்கு முந்தையது, மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய செட்டானாலும், வேண்டாம் என்பதே இந்த மடலின் கருத்து. இன்று தமிழ்நாட்டில் ஓடலாம். நாளைக்கு விதி மாறும்போது விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

எந்த அளவு வாங்குவது? ‘பெருசா வாங்கிப்போடு, நாளைக்கு ஆகும்’ என்பது வீட்டுக்கும் பாத்திரத்துக்கும் சரி. டீசல் எஞ்சினுக்குச் சரியல்ல. முப்பது சதவீதத்துக்கும் குறைவான லோடில் நாள்கணக்கில் ஓடும் எஞ்சின் சூடேறாது. டீசல் முழுக்க எரியாது. எரியாத எண்ணெயும் கரியும் சைலன்ஸரிலும் வால்விலும் கறுப்புப் பசையாகப் படியும். 62.5 கேவிஏ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, எட்டு டியூப்லைட்டும் நாலு ஃபேனும் ஓட்டினால் மூன்று ஆண்டில் எஞ்சினைப் பிரிக்கவேண்டி வரும்.

கேவிஏவை 0.8ஆல் பெருக்கினால் கிலோவாட். 25 கேவிஏ என்றால் 20 கிலோவாட். அதிலும் எழுபது, எழுபத்தைந்து சதவீதத்தில் ஓட்டுவதே எஞ்சினுக்கும் டீசல் கணக்குக்கும் நல்லது. லைட், ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் இந்தக் கூட்டலில் அடங்கிவிடும். மோட்டார் அடங்காது. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் மோட்டார், கிளம்பும் அந்தச் சில நொடி, ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு ஏழு மடங்கு ஆம்பியர் இழுக்கும். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 கேவிஏ போதும். கிளப்புவதற்கு 25 கேவிஏ செட்டே திணறும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அந்த இழுவை மூன்றில் ஒன்றாகக் குறையும். ஆலைக்காரர்களுக்கு இது தெரிந்த பாடம். பெரிய மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. புதிதாக லிஃப்ட் வைத்து லாட்ஜ் கட்டுகிறவர்கள் அதை ஆலைக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கல்யாண மண்டபத்துக்கு 62.5 கேவிஏ என்று வைத்துக்கொண்டால், ஏ.சி. ஹால், மேடை விளக்கு, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 30 கிலோவாட் ஓடும்போது மணிக்கு ஒன்பது லிட்டர் டீசல் போகும். முகூர்த்த நேரத்தில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் 36 லிட்டர், மூவாயிரத்து முந்நூறு ரூபாய். பெண் வீட்டாரிடம் ‘டீசல் தனி’ என்று சொல்லும்போது இந்தக் கணக்கைக் காட்டினால் மண்டபக் கணக்கர் மீது வீண் சந்தேகம் வராது.

பல் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம், பால் குளிரூட்டும் மையம் ஆகியவற்றுக்கு ஜெனரேட்டர் சொகுசல்ல. கறந்த பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்கவேண்டும். கரண்ட் வரும்வரை பால் காத்திருக்காது. மார்கழி முதல் பங்குனி வரை நெல் மூட்டை குவியும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைச் சுற்றி எடை போட்டு, பில் போட்டு, லாரி ஏற்றுகிறவர்களுக்கும் அப்படித்தான். மழை இருட்டும் நேரத்தில் கரண்ட் நின்றால் மூட்டை நனையும்.

ஆனால் தையல் கடைக்கும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் சின்ன மளிகைக்கும் ஜெனரேட்டர் வேண்டாம். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றும் இன்வெர்ட்டரும் இருந்தால் நாலு லைட்டும் இரண்டு ஃபேனும் பில் மெஷினும் நாலைந்து மணி நேரம் தாங்கும். புகை இல்லை, சத்தம் இல்லை. ஜெனரேட்டரின் நன்மையைப் பேச வந்த மடல் இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இனி வாங்கப் போகும் நாள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுவதும் எளிது: பெயிண்ட் அடித்து, மீட்டரை மாற்றி, நீங்கள் வருவதற்கு அரை மணி முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் போதும்.

போனதும் எஞ்சின் தலைமீது கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின், இரண்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொண்டால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. செல்ஃப் மோட்டார் நீண்ட நேரம் அலறிக்கொண்டே இருந்தால், பேட்டரியைக் குறை சொல்வார்கள். நம்பாதீர்கள், வேறு பேட்டரி கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கிளம்பியதும் புகையைப் பாருங்கள். முதல் அரை நிமிடம் கொஞ்சம் வெள்ளை வரும், போகட்டும். நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளை நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கறுப்பு, லோடு போடும்போது ஒரு கணம் வந்து தெளிந்தால் தவறில்லை. தெளியாவிட்டால் பம்ப் நாசில் வேலை, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து, வாயில் தலைகீழாக வையுங்கள். மூடி அப்படியே உட்கார்ந்திருந்தால் நிம்மதி. துள்ளிக்கொண்டு, குபுகுபுவென்று ஆவி வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஓவர்ஹால் செலவு, செட் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான சோதனை. லோடு இல்லாமல் ஓட்டிக் காட்டுவது சோதனையே அல்ல. எந்தக் கிழட்டு எஞ்சினும் சும்மா நன்றாகவே ஓடும். ஹீட்டர்களோ ஹாலஜன் விளக்குகளோ கட்டி, அல்லது டிரம்மில் உப்புத் தண்ணீர் வைத்துத் தகடு இறக்கி லோடு போடத் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள். கால், அரை, முக்கால், முழு லோடு என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டும். மெக்கானிக்கல் கவர்னர் உள்ள செட்டில் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டும் மீட்டர், முழு லோடில் 50 பக்கம் வந்து நிற்கவேண்டும். 47, 46 என்று இறங்கினால் எஞ்சினில் மூச்சு இல்லை. மூன்று பேஸிலும் வோல்ட் பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் வோல்ட்டைச் சீராக்கும் ஏ.வி.ஆர். அல்லது வைண்டிங் சந்தேகம். முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடட்டும். ரேடியேட்டர் கொதிக்கிறதா, ஆயில் பிரஷர் இறங்குகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க அந்த ஒரு மணி நேரம் வேண்டும். நிறுத்தியதும் ஆல்டர்னேட்டர் வைண்டிங்கை மெக்கரில் (இன்சுலேஷன் மீட்டரில்) பாருங்கள்; ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரமோ எரிந்த காயிலோ இருக்கிறது.

‘அவ்வளவு டீசல் யார் போடறது?’ என்று விற்பவர் கேட்பார். நீங்களே போடுங்கள். முப்பது லிட்டர் டீசல், செட் விலையில் ஒரு தூசு.

மணி மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். 1,800 மணி காட்டும் செட்டில் கதவுக் கைப்பிடி மழுங்கி, ரேடியேட்டர் தட்டு இற்று, ஃபேன் பெல்ட் புதிதாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. நன்றாகப் பராமரித்த 1500 சுற்று எஞ்சின் பெரிய ஓவர்ஹால் கேட்பதற்கு முன் பத்தாயிரம் மணி நேரம் தாண்டுவது சாதாரணம். எனவே நிஜமாகவே 3,000 மணி ஓடிய செட்டைக் கண்டு பயப்படவேண்டாம். ஆண்டுக்கு 100 மணி என்றால் உங்கள் பிள்ளைகள் காலம்வரை அந்த எஞ்சினுக்கு உயிர் இருக்கும். அதற்கு முன் ரப்பர் ஹோஸும் பேட்டரியும்தான் சாகும். கிர்லோஸ்கர், அசோக் லேலண்ட், கம்மின்ஸ், மஹிந்திரா என்று எதுவானாலும், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சாமான் கிடைக்கிறதா, மெக்கானிக் உடனே வருவாரா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெயர் தெரியாத இறக்குமதி எஞ்சினுக்கு நாசில் ஒன்று தேட ஒரு மாதம் போகும். பழைய பில், எஞ்சின் எண், ஆல்டர்னேட்டர் எண் மூன்றும் பொருந்தவேண்டும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் கைக்குக் கை மாறும் செட், எங்கிருந்தோ கழற்றி வந்ததாக இருக்கலாம்.

வாங்கி வந்த பிறகு செய்யும் ஒரு தவறு, மனித உயிரை எடுக்கும். ஈ.பி. லைனையும் ஜெனரேட்டர் லைனையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல், ஏதோ ஒரு பிளக்கில் செருகி கடைக்குள் கரண்ட் விடுகிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் போய் 11,000 வோல்ட்டாக மாறும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத் தொடுவார். நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற நாலு போல் சேஞ்ச் ஓவர் சில ஆயிரம் ரூபாய். அதைப் போடாதவருக்கு ஜெனரேட்டர் வைக்கும் யோக்கியதை கிடையாது. எர்த் குழிகளும் முறையாக வேண்டும்: பாடிக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு. எந்த அளவுக்கு மேல் மின் ஆய்வாளர் அனுமதி வேண்டும், என்ன படிவம் என்பதை லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரரைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

புகைக்கும் வழி வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. ஷட்டர் போட்ட அறைக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு அன்றைக்கே ஆளை அடித்துவிடும். புகைக்குழாய் உயரத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர் அளவு, கட்டட உயரத்துக்கும் மேலே குழாய் நீளவேண்டும். 25 கேவிஏவுக்கு ஒரு மீட்டர். 62.5 கேவிஏவுக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்துக் கடைக்காரர் முகத்தில் புகையை விட்டுவிட்டு, அவரிடமே சண்டைக்கும் போகிற காட்சி நம் கடைவீதிகளில் சாதாரணமாகிவிட்டது. சத்தத்துக்கும் வரம்பு உண்டு: கூண்டோடு வரும் செட்டில் ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபல். கூண்டு இல்லாத பழைய செட்டை ஊருக்குள் கொண்டுவரவேண்டாம்.

செட்டை எங்கே வைப்பது என்பதற்குச் சென்னை 2015 டிசம்பரில் பாடம் சொன்னது. அடையாறு கரையில் இருந்த மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் வெள்ளம் புகுந்து, தேவைப்பட்ட நேரத்தில் அது உதவாமல் போனது. சங்கராபரணி பொங்கினால் எந்தத் தெரு வரைக்கும் தண்ணீர் வரும் என்று செஞ்சிக்காரருக்குத் தெரியும். அதற்கு இரண்டடி மேலே மேடை கட்டுங்கள்.

கழிவு ஆயில் விஷயத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பட்ட பாடு நமக்கு எச்சரிக்கை. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமில்லாமல் இருந்த குடாநாட்டுக்குச் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையங்கள் வெளிச்சம் கொடுத்தன. அங்கிருந்து கசிந்த எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. சனங்கள் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும்படி ஆயிற்று. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் தனியார் மின் நிறுவனம் ஒன்று 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பானது. ஒரு கடை ஜெனரேட்டரில் ஆண்டுக்கு ஒருமுறை வடிக்கும் பத்து லிட்டர் கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் கேட்பாரில்லை. நூறு கடை ஊற்றினால் அது எந்தக் குளத்தில் சேரும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். டின்னில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். அவர் காசும் கொடுப்பார்.

கடைசியாக, தனித்தனியாக வாங்குவதைவிட முக்கியமான ஒன்று: ஊருக்குப் பொதுவாக ஒரு செட். நாம் பார்த்த புயல்களை நினைத்துப் பாருங்கள்: 2011 டிசம்பர் 30இல் ‘தானே’, 2018 நவம்பர் 16இல் கஜா, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய ஊர்களில் குடம் நிறைந்தது. மற்ற ஊர்கள் லாரிக்குக் காத்திருந்தன. அந்த வாரங்களில் ஜெனரேட்டர் வாடகை என்ன ஏறு ஏறியது என்று அங்கே உறவுக்காரர் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள். ஃபெஞ்சல் உங்கள் பக்கத்திலேயே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. முன்கூட்டிச் சேர்த்துவைப்பது செஞ்சிக்குப் புதிதல்ல: முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகையிட்டும் மராட்டிய மன்னர் ராஜாராமின் ஆட்கள் தாக்குப்பிடித்த கோட்டை உங்களுடையது. உள்ளே களஞ்சியமும் குளமும் இருந்தது அதற்குக் கைகொடுத்தது.

வணிகர் சங்கம் சேர்ந்து 40 கேவிஏ அளவில் ஒரு நல்ல பழைய செட்டை டிராலி வண்டியில் ஏற்றி வைத்தால் என்ன? பராமரிப்பு மின்தடை நாளில் எந்தக் கடைக்குத் தேவையோ அங்கே போகலாம். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு வாடகைக்கு அனுப்பி டீசல் காசு எடுக்கலாம். புயல் வந்தால் முதல் மூன்று நாள் குடிநீர் மோட்டாருக்கு என்று பேரூராட்சியோடு முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளலாம். ஒருவர் செட் வைத்து, தெரு முழுக்க வயர் இழுத்து, யூனிட் கணக்கில் விற்பது மட்டும் கூடாது. அது மின்சாரச் சட்டம் 2003 உரிமம் கேட்கிற தொழில். லெபனானில் அரசு மின்சாரம் படுத்துவிட்டதால் தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர்காரர் முளைத்து, சனங்கள் இரண்டு பில் கட்டுகிறார்கள். அந்த நிலை நமக்கு வேண்டாம். இயந்திரத்தை வாடகைக்குக் கொடுப்பது வேறு, கரண்ட்டை விற்பது வேறு.

சங்கத்தில் இதைப் பேசும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் முடிவு செய்யுங்கள்: யார் சாவி வைத்திருப்பது, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் லோடு போட்டு ஓட்டிப் பார்ப்பது யார், டீசலும் ஆயிலும் யார் கணக்கில். இந்த மூன்றும் முடிவாகாமல் வாங்கிய பொது செட், இரண்டாம் ஆண்டில் பேட்டரி செத்து நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செட் தேடி, லோடு போட்டுப் பார்த்து, டிராலியும் எர்த்தும் முடிக்க இரண்டு மாதமாவது ஆகும். ஆடி முடிவதற்குள் சங்கக் கூட்டத்தைப் போடுங்கள்.